முல்லையாற்றங்கரை: கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு வரலாற்றுப் பயணம்

மதுரையிலிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலை ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்து தேனியை அடைகிறது. அங்கிருந்து தென்மேற்காகத் திரும்பினால் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஊர்கள் வருகின்றன. வலப்புறம் ஏலமலைத் தொடர். இடப்புறம் மேகமலையும் வருசநாட்டு மலைகளும். இவ்விரண்டு மலைச் சுவர்களுக்கும் இடையே முல்லையாறும் சுருளியாறும் கலந்து ஓடி வளம் செய்யும் நிலமே கம்பம் பள்ளத்தாக்கு. லோயர் கேம்ப்பைத் தாண்டிக் குமுளிக்கு ஏறும் மலைப்பாதையில் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தால், நெல் வயல்களும் தென்னந்தோப்புகளும் திராட்சைப் பந்தல்களும் ஒரே பார்வையில் அடங்குகின்றன. மார்கழி மாதத்துக் காலைப்பொழுதில் பனிமூட்டம் மெல்ல விலகி, முதலில் கோயில் கோபுரங்களும் பின்னர் தென்னை மரங்களின் தலைகளும் அதன் பின்னரே ஆறும் தெரியவரும் காட்சியைச் சொல்லால் விளக்குதல் அரிது. அதனைக் கண்டவர் மறவார்.

நம் சங்கத்தின் மாலை நேரப் பயிற்சி வகுப்பு மாணவர்களை ஆண்டுக்கு ஒருமுறை இப்பள்ளத்தாக்கிற்கு அழைத்துச் செல்வது பல ஆண்டுகளாக வழக்கமாக உள்ளது. கல்விச் சுற்றுலா என்றால் சுருளி அருவியில் நீராடிவிட்டுப் புளிச்சோறு உண்டு திரும்புவது என்று எண்ணும் பெற்றோர் உளர். அருவியை நாம் விலக்கியதில்லை. மலைக்குகைகளுக்கு நடுவே இரண்டு படியாக விழும் சுருளி நீரில் தலையை நனைக்காமல் எந்த மாணவனும் திரும்ப இசையமாட்டான், ஆசிரியர்களும் அவ்வாறே. ஆனால் அருவிக்குப் போகும் வழியெல்லாம் இரண்டாயிரம் ஆண்டு வரலாறு சிதறிக் கிடக்கும்போது, அதனைக் காணாமல் ஈரத் துணியோடு வீடு திரும்புதல் பெரிய இழப்பு. ஆகையால் பயணத்திற்கு முன்னரே மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பேடு கொடுத்து, பார்க்கும் இடந்தோறும் இரண்டு வினாக்களுக்கு விடை எழுதச் சொல்லுவோம். இங்கே எவருடைய பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்பது முதல் வினா. இங்கே வேலை செய்தவர் எவர் என்பது இரண்டாவது வினா. இவ்விரு வினாக்களுக்கும் ஒரே விடை கிடைக்கும் இடங்கள் மிகச் சிலவே.

அத்தகைய சிலவற்றுள் ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையில் உள்ள புலிமான்கோம்பை என்னும் சிற்றூரில், 2006ஆம் ஆண்டில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டுபிடித்தனர். தமிழகத்தில் கிடைத்துள்ள எழுத்துடைய நடுகற்களுள் இவையே மிகப் பழையவை. கிறித்து பிறப்பதற்கு முந்தியவை என்பது அறிஞர் கருத்து. அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், மாண்ட அந்தவன் என்பவனுக்கு எடுத்தது. கூடலூர் என்னும் பெயரில் தமிழ்நாட்டில் பல ஊர்கள் உள்ளன; எனினும் இப்பள்ளத்தாக்கின் தலைப்பிலேயே ஒரு கூடலூர் இருப்பதால் அறிஞர் பலருடைய நினைவும் இவ்வூர்ப் பக்கமே செல்கிறது. அந்தவன் அரசனல்லன், கோயில் கட்டியவனுமல்லன். மாட்டு மந்தைக்காக நிகழ்ந்த சண்டையில் இறந்த ஒருவன். அவனுடைய பெயரை அவனுடைய மக்கள் ஒரு கல்லில் எழுதி நட்டார்கள். அக்கல்லில் சில சொற்களே உள்ளன. நம் மண்ணின் எழுத்து வரலாறு இத்தகைய எளிய மனிதனின் பெயரோடு தொடங்குகிறது என்பதை மாணவர்க்குச் சொல்லும்போது நமக்கே ஒரு நிமிர்வு உண்டாகிறது.

உத்தமபாளையத்தை ஒட்டிய பாறைக்குன்றில் சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. பாம்புக் குடையின் கீழ் நிற்கும் பார்சுவநாதரைச் சிறுவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்கிறார்கள். உருவங்களின் கீழே வட்டெழுத்தில் பெயர்கள் உள்ளன. அச்சணந்தி என்னும் முனிவரின் பெயர் அவற்றுள் ஒன்று. இப்பெயர் மதுரை ஆனைமலையிலும் அழகர்மலையிலும் காணப்படுவது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இத்தனை தொலைவும் கால்நடையாகவே சென்று பணி செய்த ஒருவரை இது நினைவூட்டுகிறது. அக்காலத்தில் இக்குன்றிற்குத் திருக்குணகிரி என்று பெயர். சடையன் மாறன் என்னும் பாண்டியன் காலத்தில் இங்கே விளக்கெரிக்கக் காசு கொடுத்த செய்தியும் கல்வெட்டில் உள்ளது. ஆசிரியர் என்ற முறையில் ஒன்றை இங்கே குறிப்பிட விரும்புகிறோம். பள்ளி என்னும் சொல் முதலில் இத்தகைய துறவிகள் உறைந்த இடத்தையே குறித்தது. உணவு, மருந்து, அடைக்கலம், கல்வி என்னும் நான்கையும் கொடையாக வழங்குவதைச் சமணர் அறமாகக் கொண்டிருந்தனர். பள்ளிக்கூடம் என்று நாம் நாள்தோறும் சொல்லும் சொல்லின் வேர் இப்படிப்பட்ட பாறைகளில் இருக்கிறது. இன்று அப்பாறையின் அருகே கருப்பணசாமி குடிகொண்டிருக்கிறார். ஊரார் அவருக்குப் பொங்கலிடுகின்றனர். தீர்த்தங்கரரும் கருப்பணசாமியும் ஒரே பாறையில் அமைதியாக இருப்பதைக் கண்டு நாம் மகிழ்ந்தோம்.

சின்னமனூரின் சிறப்பு வேறு வகையானது. பாண்டியர் வரலாற்றை எழுதிய எவரும் சின்னமனூர்ச் செப்பேடுகளைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. சிறியது, பெரியது என இரண்டு தொகுதிகள் இவ்வூரில் கிடைத்தன. பெரியது பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பாண்டியன் வெளியிட்டது. வடமொழிப் பகுதி கிரந்த எழுத்திலும் தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் அமைந்தவை. மாபாரதத்தைத் தமிழாக்கியதும் மதுரையில் சங்கம் வைத்ததும் தம் முன்னோர் செயல்கள் என்று பாண்டியர் பெருமை பேசுவது இச்செப்பேட்டில்தான். தமிழ் மொழியின் வரலாற்றிற்கு இது கிடைத்தற்கரிய சான்று. ஆயினும் செப்பேடு எழுந்த நோக்கம் மொழி வரலாறு சொல்வதன்று. ஓர் ஊரை அந்தணர் ஒருவர்க்குப் பிரமதேயமாக வழங்கியதைப் பதிவு செய்வதே. கொடுத்தவன் பெயரும் அவன் பாட்டன் முப்பாட்டன் பெயர்களும் உள்ளன. பெற்றவர் பெயரும் உள்ளது. கொடுக்கப்பட்ட நிலத்தில் அன்று ஏர் பிடித்தவர் எவர் என்று சொல்வது அச்சாசனத்தின் வேலையன்று. மாணவர் குறிப்பேடுகளில் இரண்டாவது வினாவிற்கு எதிரே முதன்முறையாக வெற்றிடம் விழுவது இவ்வூரில்தான்.

இப்பயணங்களில் ஒருமுறை, பழமையான கோயில் ஒன்றைக் காட்டுவதற்காக மாணவர்களை வரிசைப்படுத்தினோம். சமையலுக்காக எங்களுடன் வந்திருந்த பெரியவர் தேரடியிலேயே நின்றுவிட்டார். எண்பது வயதை நெருங்கியவர். ஒரு சிறுமி திரும்பி வந்து, "தாத்தா, நீங்களும் வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அவரோ, "நீங்க போயிட்டு வாங்க கண்ணு, நான் இங்கனயே இருந்துக்கிறேன்" என்றார். அன்று அவரைத் தடுத்தவர் எவருமில்லை. பூசகரே வாசலில் நின்று வரவேற்றார். ஆனால் சிறுவயதில் கால் கற்றுக்கொண்ட பாடம் அவ்வளவு எளிதில் மறந்துவிடுவதில்லை போலும். சட்டம் அவர் பிறந்த காலத்திலேயே மாறத் தொடங்கிவிட்டது. 1939 சூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் வைத்தியநாத அய்யர் தலைமையில் நம் மக்கள் நுழைந்தனர்; அக்குழுவில் மேலூர்ப் பகுதியைச் சேர்ந்த கக்கன் அவர்களும் இருந்தார். 1947இல் சென்னை மாகாணக் கோயில்கள் அனைத்திற்கும் பொருந்தும் நுழைவுச் சட்டம் வந்தது. வரலாற்றுச் சின்னங்களைக் காணுதல் என்பது பிற மாணவர்க்குப் பொழுதுபோக்காக இருக்கலாம். நம் பிள்ளைகள் ஒரு கருங்கல் மண்டபத்தில் நின்று தூணைத் தொட்டுப் பார்ப்பதற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுப் போராட்டம் உள்ளது. அச்சிறுமியிடம் இதனை அப்போது சொல்லவில்லை. மாலையில் வகுப்பில் சொன்னோம்.

கூடலூருக்கு மேலே மலையுச்சியில் உள்ள மங்கலதேவி கண்ணகி கோயில் சித்திரை முழுநிலவு நாளில் மட்டுமே பொதுமக்களுக்குத் திறக்கப்படுகிறது. பேராசிரியர் கோவிந்தராசனார் 1963இல் இக்கோயிலை அடையாளம் கண்டு, சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த கோட்டம் இதுவே என்று நிறுவ முயன்றார். எல்லைப் பகுதியாதலால் இரு மாநில அரசுகளின் காவலும் அன்று இருக்கும். பள்ளி மாணவர்களைக் கூட்டத்தில் அழைத்துச் செல்லுதல் அரிது என்பதால் அடிவாரத்தில் நின்று மலையைச் சுட்டிக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இனிப் பெரியாற்று அணைக்கு வருவோம். இப்பள்ளத்தாக்கின் வரலாறு அணைக்கு முன், அணைக்குப் பின் என இரண்டாகப் பிரிந்து நிற்பது. மலையின் மேற்கே பெய்யும் மழையெல்லாம் பெரியாற்றில் ஓடி அரபிக் கடலில் கலக்க, கிழக்கே வைகைப் படுகை வறண்டு கிடந்தது. அந்நீரைக் கிழக்கே திருப்பலாம் என்னும் எண்ணம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்குத் தோன்றியது. 1808இல் ஆய்வு செய்த கால்டுவெல் என்னும் படை அலுவலர் இது நடவாத காரியம் என்று எழுதிவிட்டார். 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும்பஞ்சத்தில் தென்னாட்டில் மக்கள் இலட்சக்கணக்கில் மடிந்த பிறகே அரசு விழித்துக்கொண்டது. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் அரசுடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. 8,000 ஏக்கருக்கு, ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு 5 ரூபாய் வாடகை. 1887இல் தொடங்கிய வேலை 1895இல் முடிந்தது. அவ்வாண்டு அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார். அணையின் நீளம் 1,200 அடி. அடித்தளத்திலிருந்து உயரம் 176 அடி. சுண்ணாம்பும் செங்கற்பொடியாகிய சுர்க்கியும் கலந்த காரையே இதன் உடல். தேக்கிய நீரை மலையைக் குடைந்த ஒரு மைலுக்கு மேற்பட்ட சுரங்கம் வழியாகக் கிழக்கே இறக்கினர். மேற்கு நோக்கி ஓடும் ஆற்றைக் கிழக்கே திருப்பிய இத்தகைய பணி அந்நாளில் உலகமே வியந்தது.

இதனை நிறைவேற்றிய பொறியாளர் ஜான் பென்னிகுயிக்கை இப்பகுதி மக்கள் தெய்வமாகவே போற்றுகின்றனர். பிள்ளைகளுக்கு அவர் பெயர் சூட்டுகின்றனர். சனவரி 15, அவருடைய பிறந்த நாளில், பொங்கல் வைக்கின்றனர். லோயர் கேம்ப்பில் தமிழக அரசு அமைத்த மணிமண்டபம் 2013இல் திறக்கப்பட்டது. இம்மரியாதைக்கு அவர் முற்றிலும் தகுதியுடையவர் என்பதில் நமக்கு ஐயமில்லை. தம் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையை முடித்தார் என்னும் செய்தியும் வழங்கி வருகிறது. அது அன்பு மிகுதியால் எழுந்தது என்றே கருதுகிறோம். அணை அரசின் பணத்தில் கட்டப்பட்டது. அப்பணியில் இருந்த பொறியாளர் மெக்கன்சி 1899இல் வெளியிட்ட வரலாற்று நூலில் பணி நடந்த முறை விரிவாக உள்ளது. பென்னிகுயிக்கின் பெருமைக்கு நகைக் கதை தேவையில்லை.

நாம் மாணவர்க்குச் சொல்ல விரும்புவது அணை எழுந்த காட்டைப் பற்றி. அது யானைகளும் காய்ச்சலும் ஆட்சி செய்த காடு. மலைக்காய்ச்சல் பெருகும் பருவத்தில் வேலையை நிறுத்தி ஆட்கள் கீழிறங்க வேண்டியிருந்தது. ஆற்றைத் தடுக்கப் போட்ட தற்காலிகக் கரைகளை வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. ஆட்கள் மீண்டும் மீண்டும் கல்லும் மண்ணும் சுமந்தனர். பொருள்களை அடிவாரத்திலிருந்து மலைமேல் ஏற்றக் கம்பிவடப் பாதை அமைத்தனர். மேலே படகில் ஏற்றி அணைக்குக் கொண்டு சென்றனர். நோயால் மட்டும் 483 பேர் இறந்ததாக நூல்கள் குறிக்கின்றன. கணக்கில் ஏறியவர் இவர்கள். காய்ச்சலோடு ஊர் திரும்பித் திண்ணையில் இறந்தவர்களை எந்தக் கணக்கர் எழுதினார்? அணைக்கு அருகே ஆங்கில அலுவலர்களின் கல்லறைகள் சில உள்ளன. கூலியாட்களுக்குக் கல் இல்லை.

ஈண்டு நம் சமூகத்தார் அறிய வேண்டிய ஒரு செய்தி உண்டு. அணைப் பணியில் மதராஸ் பயனியர் படையின் முதலாம், நான்காம் பட்டாளங்கள் ஈடுபடுத்தப்பட்டன. பாதை வெட்டுதலும் பாலம் அமைத்தலும் இப்படையின் தொழில். பழைய சென்னைப் படையின் பயனியர் பிரிவுகளில் பிற தமிழரோடும் முகமதியரோடும் கிறித்தவரோடும் பறையர் சமூகத்தாரும் சேர்க்கப்பட்டிருந்தனர் என்பது படைத்துறை வரலாறு. அப்படை 1933இல் கலைக்கப்பட்டது. பிறந்த ஊரில் பொதுக்கிணற்றில் நீர் எடுக்க விடப்படாதவர்கள் ஐந்து மாவட்டங்களுக்கு நீர் கொண்டுவரும் வேலையில் நின்றார்கள். இதனைக் கற்பனை என்று எவரும் தள்ளிவிட இயலாது.

அணை இன்று கேரள எல்லைக்குள், பாதுகாக்கப்பட்ட காட்டில் உள்ளது. மாணவர்கள் அங்கே செல்ல இயலாது. நீர்மட்டத்தைக் குறித்து 1979க்குப் பின் எழுந்த வழக்குகளும் வாதங்களும் நாளேடு படிப்போர் அறிந்தவை. 142 அடி வரை தேக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேக்கடியில் படகேறினால் ஏரியைக் காணலாம். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நீரில் நிற்கும் மரங்களின் கருத்த அடிப்பகுதிகள் இன்னமும் ஏரி நடுவே தலைநீட்டி நிற்கின்றன. அவற்றின்மேல் நீர்க்காகங்கள் சிறகு உலர்த்துகின்றன. யானைக் கூட்டம் கரைக்கு வருவதும் உண்டு. எங்கள் மாணவர்க்கு ஒருமுறை ஏழு யானைகளைக் காணும் பேறு கிட்டியது.

மலையிறங்கிய நீர் லோயர் கேம்ப்பில் 1958 முதல் மின்சாரமும் தருகிறது. அணையில் போதிய நீர் இருப்பின் சூன் முதல் நாளில் முதல் போகத்திற்கு மதகு திறக்கப்படும். பள்ளத்தாக்கில் இருபோக நெல் விளையும் பரப்பு 14,707 ஏக்கர். இந்த எண்ணை இவ்வட்டாரத்துச் சிறுவரும் அறிவர். அந்த 14,707 ஏக்கரில் நாற்று நடுவோர், களை பறிப்போர், கதிர் அறுப்போர் பெரும்பாலும் எவ்வெத் தெருக்களிலிருந்து புறப்படுகிறார்கள் என்பதையும் அறிவர். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சையின் பந்தலடியில் குனிந்து கொத்து நறுக்குவோரும் அவர்களே. விடியுமுன் கம்பம், கூடலூர், போடி ஆகிய ஊர்களிலிருந்து ஜீப்புகளில் நெருக்கி அமர்ந்து கணவாய் கடந்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்று, அந்தியில் திரும்பும் பெண்களைச் சுற்றுலாப் பயணிகள் பார்ப்பதில்லை. அவர்கள் போகும் நேரத்தில் பயணிகள் உறங்கிக்கொண்டிருப்பர்.

முல்லையாறு தேனிக்கு அருகே வைகையோடு கலந்து வைகை அணையைச் சேர்கிறது. எங்கள் பயணம் முடியும் இடமும் இவ்வணையே. இது 1959இல் காமராசர் ஆட்சியில் திறக்கப்பட்டது. அப்போது பொதுப்பணித்துறை அமைச்சராக இருந்தவர், 1939இல் மீனாட்சியம்மன் கோயிலுள் நுழைந்த அதே கக்கன் அவர்கள். மேலூர் வட்டம் தும்பைப்பட்டியில் 1908இல் பிறந்தவர். இந்த நீர் பேரணையில் பிரிந்து பெரியாற்றுக் கால்வாய் வழியாக அவருடைய மேலூர் மண்ணுக்கே செல்கிறது. பூங்காவில் விளையாடத் துடிக்கும் மாணவர்களை அணைக்கரையில் ஒரு கால் மணி நேரம் அமரச் செய்து இதனைச் சொல்லுவோம். எழுதப்பட்ட பெயருக்கும் செய்யப்பட்ட வேலைக்கும் உரிய விடையில் நம்மவர் ஒருவர் பெயரை மாணவர் நிரப்புவது இங்கேதான்.

சென்ற பயணத்திற்குப் பின்னர், அவரவர் வீட்டு முதியோரிடம் பெரியாற்று அணைக்குச் சென்ற முன்னோரைப் பற்றிக் கேட்டு எழுதி வருமாறு மாணவர்களிடம் சொன்னோம். பதினான்கு பேர் எழுதி வந்தனர். பலவற்றில் ஒரு வரிக்கு மேல் இல்லை. காடு வெட்டப் போய்க் காய்ச்சலோடு திரும்பி மூன்றாம் நாள் இறந்த ஒருவரைப் பற்றி ஒரு மாணவி எழுதியிருந்தாள். அவர் பெயர் வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. அணைக்குப் போன தாத்தா என்றே நான்கு தலைமுறையாகச் சொல்லி வருகிறார்களாம். ஒன்பது குறிப்புகளில் பெயரும் ஊரும் தெளிவாக உள்ளன. இவை நம் சங்க நூலகத்தில் தனி ஏட்டில் படியெடுத்து வைக்கப்பட்டுள்ளன. இம்மலரைப் படிக்கும் அன்பர்கள் தத்தம் குடும்பத்தில் அணை வேலைக்கோ பயனியர் படைக்கோ சென்றவர்களைப் பற்றி அறிந்திருந்தால், பெயர், ஊர், கேட்ட செய்தி, சொன்னவர் வயது ஆகியவற்றை எழுதிச் சங்க அலுவலகத்திற்கு அனுப்புமாறு வேண்டுகிறோம். பழைய படைச் சான்றிதழோ பதக்கமோ இருப்பின் நேரில் கொண்டு வந்தால் பார்த்துப் படியெடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தரப்படும். வந்து சேரும் பெயர்களை அடுத்த ஆண்டறிக்கையில் அச்சிட நிர்வாகக் குழு இசைவு தந்துள்ளது.